பழைய கணினி, புதிய பிரிண்டர்: அறுந்த கண்ணி எது?

கணினி பழையது. பிரிண்டர் புதியது. இரண்டும் ஒரே மேசையில் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன. ஆனால் ஒன்றோடு ஒன்று பேச மாட்டோம் என்று அடம்பிடிக்கின்றன. கேபிளைப் பிடுங்கி மாட்டுகிறோம். கணினியை நிறுத்தி மறுபடி போடுகிறோம். பிரிண்டரின் மூடியைத் தட்டிக்கூடப் பார்க்கிறோம். கடைசியில் யாராவது ஒருவர் வந்து, "இது பழசுங்க, தூக்கிப் போட்டுட்டுப் புதுசு வாங்குங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இந்தக் காட்சியை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அச்சகம், லோரி அலுவலகம், நகைக்கடை, கோயில் நிர்வாக அறை என்று பட்டியல் நீளும். தூக்கிப் போடுவது சுலபம். ஆனால் அந்தக் கணினிக்குள் என்ன இருக்கிறது என்று யோசித்தவர்கள் அவ்வளவு சுலபமாகத் தூக்கிப் போட மாட்டார்கள்.

பழைய கணினி ஏன் இன்னும் இருக்கிறது?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனை ஒட்டிய சந்து ஒன்றில் சிறிய அச்சகம் ஒன்று இருக்கிறது. திருமண அழைப்பிதழ், தீமிதித் திருவிழா அறிக்கை, தமிழ்ப்பள்ளி ஆண்டு மலர், பதினாறாம் நாள் அழைப்பிதழ் எல்லாம் அங்கே அச்சாகும். ஒரு நிகழ்ச்சிக்கான அட்டைகளை வாங்கப் போனபோது, கடைக்கார அண்ணன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார். இருபது வருடங்களாக ஓடிய லேசர் பிரிண்டர் நின்றுவிட்டது. புதியது வாங்கி வந்துவிட்டார். ஆனால் அவருடைய விண்டோஸ் எக்ஸ்பி கணினி அதை அடையாளம் காண மறுத்தது.

"என் மகன் இந்தக் கம்பியூட்டர தூக்கிப் போடுங்கன்னு சொல்றான்மா. போட்டா, உள்ள இருக்கிற வேலை எல்லாம் என்ன ஆகுறது?" என்றார்.

அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தக் கணினியில் இருப்பவை பேஜ்மேக்கர் கோப்புகள். பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வெளிவந்தது 2001இல். அதற்குப் பின் அடோபி நிறுவனம் அதை வளர்க்கவில்லை. கோப்புகளில் உள்ள தமிழோ யூனிகோட் தமிழ் அல்ல. யூனிகோட் தரத்தின் முதல் பதிப்பு 1991இலேயே வந்துவிட்டது என்றாலும், தமிழ் அச்சகங்களின் அன்றாட வேலைக்கு அது வந்து சேர நெடுங்காலம் ஆனது. அதுவரை ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ஆங்கில எழுத்துகளும் ஐரோப்பியக் குறிகளும் உட்கார வேண்டிய 256 இடங்களில் தமிழ் எழுத்துகளை உட்கார வைத்தார்கள். அந்த எழுத்துரு உள்ள கணினியில் அது தமிழ். இல்லாத கணினியில் வெறும் கிறுக்கல்.

இந்த வரலாற்றில் நம் நாட்டுக்கும் பெருமையான பங்கு உண்டு. கேரித் தீவில் பிறந்த முத்து நெடுமாறன் 1980களின் நடுவிலேயே கணினியில் தமிழைக் கொண்டுவர முனைந்தவர். அவர் உருவாக்கிய முரசு மென்பொருளை மலேசிய, சிங்கப்பூர்த் தமிழர்கள் நன்கு அறிவார்கள். 2001ஆம் ஆண்டின் தமிழ் இணைய மாநாடு நடந்ததும் கோலாலம்பூரில்தான். எழுத்துக் குறியீட்டில் ஒற்றுமை வேண்டும் என்று அறிஞர்கள் அந்த மாநாடுகளில் பேசிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், அச்சகங்கள் தங்களிடம் இருந்த எழுத்துருவை வைத்து நம் வீட்டுக் கல்யாணங்களை அச்சடித்துக்கொண்டிருந்தன. அந்தக் கோப்புகள்தான் இந்தப் பழைய கணினிகளில் குடியிருக்கின்றன.

ஒரு முனையிலிருந்து தொடங்குங்கள்

வானொலி நிலையத்தில் திடீரென்று ஒலி போய்விட்டால் எல்லாப் பொத்தானையும் அழுத்திப் பார்ப்பதில்லை. ஒலிவாங்கி, கேபிள், மிக்சர், அங்கிருந்து அலைபரப்பி என்று ஒவ்வொரு கண்ணியாகப் பார்த்துக்கொண்டே போவோம். ஒரு கண்ணி சரி என்று உறுதியானால் அதை மறந்துவிட்டு அடுத்ததற்குப் போகலாம்.

பிரிண்டருக்கும் இதே வழிதான். பிரிண்டர், கேபிள், போர்ட், டிரைவர், நெட்வொர்க் என்று கண்ணிகள் ஐந்து. ஒரே நேரத்தில் இரண்டைத் தொடாதீர்கள். தொட்டால் எது சரியானது, எதனால் சரியானது என்று கடைசிவரை தெரியாது.

முதலில் பிரிண்டரைத் தனியாகச் சோதியுங்கள். கணினிக் கேபிளைக் கழற்றிவிட்டு, பிரிண்டரிலேயே உள்ள சோதனைப் பக்கத்தை அச்சிடுங்கள். புதிய பிரிண்டர்களில் இது மெனுவில் இருக்கும். எப்சன் எல்எக்ஸ்-300 போன்ற பழைய ஊசி பிரிண்டர்களில், தாளை நகர்த்தும் பொத்தானை அழுத்திக்கொண்டே மின்சாரத்தைப் போட்டால் தானாக வரிகளை அடிக்கத் தொடங்கும். அடித்தால் பிரிண்டர் நலம். பிரச்சினை வேறெங்கோ இருக்கிறது. அடிக்காவிட்டால் கணினியைக் குறை சொல்லிப் பயனில்லை.

கேபிளும் போர்ட்டும்

பழைய பிரிண்டர்களின் பின்னால் அகலமான, இருபக்கமும் கம்பிக் கொக்கி உள்ள ஒரு போர்ட் இருக்கும். 36 முனைகள் கொண்ட அதற்குச் சென்ட்ரானிக்ஸ் என்று பெயர். 1970இல் வந்த சென்ட்ரானிக்ஸ் 101 என்ற பிரிண்டரிலிருந்து வந்த பெயர் அது. கணினிப் பக்கம் அதே கேபிள் 25 முனைகளோடு முடியும். எட்டுக் கம்பிகளில் ஒரே நேரத்தில் தகவல் போகும். "தயாரா?", "வேலையாக இருக்கிறேன்", "தாள் தீர்ந்துவிட்டது" என்று சொல்லத் தனிக் கம்பிகள் உண்டு. முனை ஒன்று வளைந்தாலும் எழுத்துகள் மாறி வரலாம், அல்லது பிரிண்டர் எப்போதும் வேலையாக இருப்பதாகக் கணினி நினைத்துக்கொள்ளலாம். ஆகவே முதலில் டார்ச் லைட் அடித்து முனைகளைப் பாருங்கள்.

பலர் கவனிக்காத இன்னொன்று, கணினியின் உள்ளே இருக்கும் காசு வடிவ பேட்டரி. சிஆர்2032 என்ற அந்த பேட்டரி தீர்ந்துபோனால், மின்சாரத்தை அணைக்கும்போதெல்லாம் கணினியின் அடிப்படை அமைப்புகள் மறந்துபோகும். தேதி ஏதோ ஒரு பழைய ஆண்டுக்குப் போய்விடும். கூடவே பிரிண்டர் போர்ட்டின் அமைப்பும் மாறிவிடலாம். "நேற்று வேலை செய்தது, இன்று செய்யவில்லை" என்று யாராவது சொன்னால், கணினியின் கடிகாரத்தை ஒருமுறை பாருங்கள். சில ரிங்கிட் பேட்டரியோடு கதை முடிந்துவிடக்கூடும்.

கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலிருந்து அதிக தூரமில்லாத ஒரு லோரி அலுவலகத்தில் பார்த்தது வேறு கதை. அங்கே மூன்று பிரதி டெலிவரி பில் வேண்டும். மேல் தாளில் ஊசி அடித்தால்தான் கீழ்த்தாள்களில் கார்பன் பதியும். லேசரும் இங்க்ஜெட்டும் இந்த வேலையைச் செய்யாது. அதனால் ஊசி பிரிண்டர் இருந்தே ஆகவேண்டும். பில் போடும் மென்பொருள் டாஸ் காலத்தது. கணினி பழுதாகி வேறொன்று வாங்கியபோது, அதில் பழைய போர்ட் இல்லை. யுஎஸ்பியிலிருந்து சென்ட்ரானிக்ஸுக்குப் போகும் கேபிள் ஒன்றை வாங்கி மாட்டினார்கள். விண்டோஸிலிருந்து சோதனைப் பக்கம் அழகாக வந்தது. பில் மட்டும் வரவில்லை.

காரணம் இதுதான். டாஸ் மென்பொருள் எல்பிடி1 என்ற போர்ட்டைத்தான் தேடும். யுஎஸ்பி கேபிளோ விண்டோஸிடம் வேறொரு பெயரில் பதிவாகும். ஒரே ஊரில் இருந்தும் முகவரி தவறிய கடிதம் போல, பில் எங்கும் போய்ச் சேராது. இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று உண்டு. அந்தப் பிரிண்டரை அதே கணினியிலேயே பகிர்வுக்கு விட வேண்டும். பிறகு நெட் யூஸ் என்ற கட்டளையால், எல்பிடி1க்கு வருவதையெல்லாம் அந்தப் பகிர்ந்த பிரிண்டருக்குத் திருப்பிவிட வேண்டும். கணினியின் நெட்வொர்க் இணைப்பு உயிரோடு இருக்க வேண்டும் என்பது மட்டும் நிபந்தனை.

"பத்து நிமிஷ வேலைக்குப் பத்து நாளா கையால பில் எழுதினேன் தங்கச்சி" என்றார் அந்த அலுவலகத்து அக்கா.

இதிலும் ஓர் எல்லை உண்டு. 64 பிட் விண்டோஸில் பழைய டாஸ் மென்பொருள் நேரடியாக ஓடாது. அந்த லோரி அலுவலகத்தில் இருந்தது 32 பிட் விண்டோஸ் 7 என்பதால் தப்பித்தார்கள். புதிய கணினி என்றால், டாஸ்பாக்ஸ்-எக்ஸ் போன்ற இலவச மென்பொருளுக்குள் பழைய உலகத்தை வைத்து ஓட்டிப் பார்க்கலாம்.

டிரைவர் இல்லாத வண்டி

லோரி ஓட்டத் டிரைவர் வேண்டும். பிரிண்டருக்கும் வேண்டும். இந்த டிரைவர் ஒரு மொழிபெயர்ப்பாளர். கணினி சொல்வதைப் பிரிண்டருக்குப் புரியும் மொழியில் மாற்றிச் சொல்வதுதான் அதன் வேலை. விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8ஆம் தேதியோடு முடிந்தது. இன்று விற்கும் பிரிண்டர்களுக்கு எக்ஸ்பி டிரைவர் கிடைப்பது அரிது. மறுபக்கம், பழைய பிரிண்டர்களுக்கு இன்றைய 64 பிட் விண்டோஸ் டிரைவர் இல்லாமல் போவதும் உண்டு.

பிரிக்பீல்ட்ஸ் அச்சகத்தில் சிக்கியது இந்தக் கண்ணியில்தான். கடைக்கு வழக்கமாக வரும் பழுதுபார்க்கும் தம்பி அன்று நிதானமாக ஒவ்வொன்றாகப் பார்த்தார். பிரிண்டரின் சோதனைப் பக்கம் வந்தது. அதே கேபிளில் மகனின் மடிக்கணினியிலிருந்து அச்சு வந்தது. ஆக, பிரிண்டரும் கேபிளும் நலம். எக்ஸ்பி மட்டும் "அறியாத சாதனம்" என்றது. அன்று மாலைக்குள் ஒரு குடும்பத்துக்குப் பதினாறாம் நாள் அழைப்பிதழ் கொடுத்தாக வேண்டும். அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தபடியே இருந்தார்.

தம்பி பிரிண்டர் பெட்டியில் இருந்த தாளை எடுத்துப் படித்தார். அதில் பிசிஎல் 5, பிசிஎல் 6 என்று இருந்தது. அவர் முகம் மலர்ந்தது. பிசிஎல் என்பது எச்பி நிறுவனம் உருவாக்கிய பிரிண்டர் மொழி. வேறு பல நிறுவனங்களின் பிரிண்டர்களும் அதைப் புரிந்துகொள்ளும். எக்ஸ்பிக்குள்ளேயே, 1992இல் வெளிவந்த எச்பி லேசர்ஜெட் 4 பிரிண்டருக்கான டிரைவர் இருக்கிறது. யுஎஸ்பியை விட்டுவிட்டு, பிரிண்டரை நெட்வொர்க் கேபிளால் இணைத்தார். எக்ஸ்பியில் பிரிண்டரின் ஐபி முகவரியைக் கொடுத்து, டிரைவர் பட்டியலில் லேசர்ஜெட் 4ஐத் தேர்ந்தெடுத்தார். தான் பேசுவது முப்பது வருடத்துக்கு முந்தைய பிரிண்டரோடு என்று கணினி நினைத்துக்கொண்டது. புதிய பிரிண்டருக்கும் அந்தப் பழைய மொழி புரிந்தது. பக்கம் வந்தது. எழுத்துருவும் பிசகவில்லை. இரண்டு பக்கமும் அச்சிடும் வசதி போன்றவை அந்த டிரைவரில் முழுமையாகக் கிடைக்காது. அழைப்பிதழுக்கு அது தேவைப்படவும் இல்லை.

ஊசி பிரிண்டர்களுக்கும் இப்படி மாற்று வழி உண்டு. எப்சனின் கட்டளை மொழியை மற்ற நிறுவனங்களும் பின்பற்றியதால், ஒத்த எப்சன் டிரைவர் பல பிரிண்டர்களுக்குப் பொருந்தும். வெறும் எழுத்து மட்டும் போதும் என்றால், விண்டோஸில் உள்ள பொதுவான "டெக்ஸ்ட் ஒன்லி" டிரைவர் கைகொடுக்கும். தமிழ் எழுத்துக்கு அது உதவாது.

நெட்வொர்க்கில் காணாமல் போனால்

"பிரிண்டர் ஆஃப்லைன்" என்ற செய்தி வராத அலுவலகம் இல்லை. பெரும்பாலும் பிரிண்டர் எங்கும் போயிருக்காது. அதன் முகவரிதான் மாறியிருக்கும். ரௌட்டர் நின்று மறுபடி எழும்போது பிரிண்டருக்கு வேறு ஐபி முகவரி கொடுத்துவிடும். கணினி பழைய முகவரியிலேயே கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பிரிண்டருக்கு நிலையான முகவரி ஒன்றை ஒதுக்கிவிட்டால் இந்தத் தொல்லை தீரும்.

அச்சு வேலைகள் வரிசையில் சிக்கிக்கொண்டு, அழிக்கவும் முடியாமல் நிற்பது இன்னொரு தொல்லை. விண்டோஸில் பிரிண்ட் ஸ்பூலர் சேவையை நிறுத்தி, ஸ்பூல் கோப்புறையில் தேங்கியிருப்பவற்றை நீக்கி, மறுபடி தொடங்கினால் வழி திறக்கும்.

எக்ஸ்பி கணினியில் பகிர்ந்த பிரிண்டர் புதிய விண்டோஸுக்குத் தெரியவில்லை என்றால், அதற்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் காரணம் இருக்கிறது. 2017 மே மாதம் வானாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் கணினிகளை முடக்கியது. எஸ்எம்பி1 என்ற பழைய பகிர்வு முறையின் ஓட்டை வழியாகத்தான் அது பரவியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது எஸ்எம்பி1 சேர்க்கப்படுவதில்லை. எக்ஸ்பிக்குத் தெரிந்தது அது ஒன்றுதான். பிறகு 2021 ஜூலையில் பிரிண்ட்நைட்மேர் என்ற ஓட்டை, விண்டோஸின் அச்சுச் சேவையிலேயே வெளிப்பட்டது. அந்த ஆண்டு வந்த பாதுகாப்புத் திருத்தங்களுக்குப் பின், பல அலுவலகங்களில் பகிர்ந்த பிரிண்டர்கள் 11பி என்று முடியும் பிழை எண்ணைக் காட்டி நின்றன.

பூட்டைக் கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். அச்சு வரும், கூடவே திருடனும் வரலாம். பகிர்வதையே விட்டுவிட்டு, ஒவ்வொரு கணினியும் பிரிண்டரின் ஐபி முகவரிக்கு நேராக அனுப்பும்படி அமைப்பது நல்லது. எக்ஸ்பி கணினியை இணையத்தில் விடவே வேண்டாம். சிறிய சுவிட்ச் ஒன்றில் அந்தக் கணினியையும் பிரிண்டரையும் மட்டும் மாட்டி, இரண்டுக்கும் நிலையான முகவரி கொடுத்தால் போதும்.

வாங்கும்போதே கேட்க வேண்டியது

பிரிண்டர் கொடுத்த எரிச்சல் ஓர் இயக்கத்துக்கே வித்திட்ட கதை ஒன்று உண்டு. அமெரிக்காவின் எம்ஐடி செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்துக்கு 1980 வாக்கில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் லேசர் பிரிண்டர் ஒன்று வந்தது. முந்தைய பிரிண்டரில் தாள் சிக்கினால் காத்திருப்பவர்களுக்குத் தகவல் போகும்படி மென்பொருளைத் திருத்தி வைத்திருந்தார் ரிச்சர்ட் ஸ்டால்மன். புதியதில் அப்படிச் செய்ய முடியவில்லை. அதன் மூல நிரல் அவருக்குக் கிடைக்கவில்லை, கேட்டும் மறுக்கப்பட்டது. 1983இல் அவர் தொடங்கிய குனு திட்டத்துக்குப் பின்னால் இந்த அனுபவமும் இருந்தது. இன்று லினக்ஸ் கணினிகளில் பழைய பிரிண்டர்கள் பல சிரமமின்றி வேலை செய்வதற்கு, அப்படி வளர்ந்த கட்டற்ற மென்பொருள்தான் காரணம். விண்டோஸ் கைவிட்ட பிரிண்டரை எறிவதற்கு முன் ஒருமுறை லினக்ஸில் போட்டுப் பாருங்கள்.

இதிலிருந்து நம் கடைக்கான பாடம் ஒன்று இருக்கிறது. விலை மலிவான சில பிரிண்டர்களுக்குச் சொந்த மொழி கிடையாது. எல்லாக் கணக்கையும் கணினியே போட்டு அனுப்ப வேண்டும். அந்த மாடலுக்கென்று நிறுவனம் தந்த டிரைவர் இல்லாவிட்டால் அது வெறும் பெட்டி. நாளைக்கு நிறுவனம் டிரைவரை நிறுத்தினால் பிரிண்டரின் ஆயுளும் முடிந்தது. அதனால் லோ யாட் பிளாசாவில் வாங்கினாலும் பக்கத்துக் கடையில் வாங்கினாலும் மூன்று கேள்வி கேளுங்கள். பிசிஎல் அல்லது போஸ்ட்ஸ்கிரிப்ட் புரியுமா? நெட்வொர்க் போர்ட் உண்டா? என் பழைய கணினியிலிருந்து ஒரு பக்கம் அடித்துக் காட்ட முடியுமா?

முதலில் காப்பாற்ற வேண்டியது

அச்சு வந்துவிட்டது என்பதோடு நிம்மதியாக உட்கார்ந்துவிடாதீர்கள். இருபது வயதுக் கணினியின் ஹார்டு டிஸ்க் சொல்லிக்கொண்டு நிற்காது. எழுத்துருக்களுக்கும் வயதாகிவிட்டது. பழைய அச்சகங்களில் புழங்கிய டைப் 1 வகை எழுத்துருக்களுக்கான ஆதரவை அடோபி 2023 ஜனவரியோடு நிறுத்திவிட்டது. பழைய கோப்பைப் புதிய மென்பொருளில் திறந்து பார்த்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கைக்கு இடம் குறைவு.

கணினி ஓடும்போதே மூன்று வேலைகளைச் செய்துவிடுங்கள். ஒன்று, ஹார்டு டிஸ்க்கை அப்படியே இன்னொன்றில் நகல் எடுங்கள், எழுத்துருக் கோப்புறையையும் சேர்த்து. இரண்டு, முக்கியமான பக்கங்களை எழுத்துருவோடு பிடிஎஃப் ஆக மாற்றுங்கள். எக்ஸ்பியில் போஸ்ட்ஸ்கிரிப்ட் டிரைவர் ஒன்றை நிறுவி, தாளுக்குப் பதிலாகக் கோப்புக்கு அச்சிட்டு, கோஸ்ட்ஸ்கிரிப்ட் என்ற இலவச மென்பொருளால் அதைப் பிடிஎஃப் ஆக்கலாம். மூன்று, திரும்பப் பயன்படுத்த வேண்டிய வாசகங்களை யூனிகோடுக்கு மாற்றுங்கள். சென்னை நியூ ஹொரைசன் மீடியாவின் என்எச்எம் கன்வர்ட்டர் போன்ற மாற்றிகள் பழைய குறியீடுகள் பலவற்றைப் படிக்கும். மாற்றியபின் ஒருமுறை கண்ணால் படித்துச் சரிபாருங்கள். ஒற்றும் கொம்பும் இடம் மாறியிருக்கக்கூடும்.

இதில் கடைக்காரருக்கு மட்டும் அக்கறை இருந்தால் போதாது. கோயில் தலைவர்கள், தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் சங்கத்தினர், இளைஞர் மன்றங்கள் எல்லாரும் தங்கள் மலர்களை அச்சிட்ட அச்சகத்தில் போய்க் கேட்கலாம்: "அண்ணே, எங்க பழைய கோப்பு இன்னும் இருக்கா?" இருந்தால் ஒரு பிரதி வாங்கி வையுங்கள். ஓர் ஊரில் யார் யாருக்குக் கல்யாணம் ஆனது, யார் திருப்பணிக்குக் கொடுத்தார், எந்த ஆண்டு எந்த ஆசிரியர் ஓய்வு பெற்றார் என்பதெல்லாம் அந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. தோட்டம் கலைந்து, வீடு மாறி, பள்ளி இடம் பெயர்ந்த நமக்கு இவை சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் செய்த பிறகு கணினியை விடைகொடுத்து அனுப்பலாம். அப்போதும் குப்பைத் தொட்டியில் வேண்டாம். மின்னணுக் கழிவு நம் நாட்டில் 2005ஆம் ஆண்டு விதிமுறைகளின் கீழ் எஸ்டபிள்யூ110 என்று அட்டவணையிடப்பட்ட கழிவு. சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சேகரிப்பு மையத்தில் கொடுங்கள். கொடுக்கும் முன் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.